டிக்ரிக்கு 12 ஆண்டு ஆயுள்: கெடு கணக்கும் ஈ.பி.யை (நிறைவேற்று மனுவை) உயிரோடு வைப்பதும்

வழக்கில் ஜெயித்து டிக்ரி (தீர்ப்பின்படி நீதிமன்றம் எழுதித் தரும் தீர்ப்பாணை) நகல் வாங்கியவர்களில் பலர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். எதிராளியிடம் இப்போது ஒன்றும் இல்லை, அவன் அப்பா சொத்தில் பங்கு வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறார்கள். கெடு தெரிந்து காத்திருந்தால் அதில் தவறில்லை. இந்தியாவில் உரிமையியல் நீதிமன்ற டிக்ரியை நிறைவேற்றித் தரும்படி கேட்க 12 ஆண்டு அவகாசம். 1963-ம் ஆண்டின் காலவரம்புச் சட்ட அட்டவணையில் 136-வது உறுப்பு இதைச் சொல்கிறது. சில வெளிநாடுகளில் கெடு முடியும் முன் மனுப் போட்டுத் தீர்ப்பைப் புதுப்பித்துக்கொள்ளலாம். இங்கே அப்படி ஒரு மனுவே கிடையாது. அதே டிக்ரியை வைத்துப் புது வழக்குப் போடவும் முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 47-வது பிரிவு அதைத் தடுக்கிறது. 12 ஆண்டுக்குள் நிறைவேற்று மனு, அதாவது ஈ.பி., தாக்கலாக வேண்டும். தாக்கலான மனு தள்ளுபடியாகாமல் நிற்க வேண்டும். புதுப்பித்தல் என்று எதையாவது சொல்லலாம் என்றால் அது இவ்வளவுதான்.

"மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஈ.பி. போட்டு டிக்ரியை உயிரோட வச்சுக்கணும்" என்று இன்றும் சொல்கிற குமாஸ்தாக்கள் உண்டு. அது 1908-ம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 182-வது உறுப்பு காலத்துப் பேச்சு. அப்போது ஒவ்வொரு மனுவும் அடுத்த மூன்றாண்டுக்கு உயிர் கொடுத்தது. மொத்தத்துக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 48-வது பிரிவு 12 ஆண்டு வரம்பு வைத்திருந்தது. புதிய சட்டம் 1964 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்ததோடு இரண்டும் போயின. இன்று முதல் ஈ.பி.யை 11-வது ஆண்டில் போட்டாலும் செல்லும். இடையில் ஐந்து மனு போட்டிருந்தாலும் ஆறாவதற்கு அதே 12 ஆண்டுதான்.

எந்த டிக்ரிக்கு எவ்வளவு

பண டிக்ரி, சுவாதீனம் ஒப்படைக்கும் டிக்ரி, கிரயம் எழுதித் தரச் சொல்லும் டிக்ரி ஆகிய எல்லாவற்றுக்கும் 12 ஆண்டு. மத்தியஸ்தர் தீர்ப்பும் லோக் அதாலத் தீர்ப்பும் டிக்ரியைப் போலவே நிறைவேற்றப்படுபவை. அவற்றுக்கும் இதே கணக்கு. ஒன்றைச் செய்யாதே என்று தடுக்கும் நிரந்தர உறுத்துக்கட்டளைக்குக் கெடுவே இல்லை. இருபது ஆண்டு கழித்து எதிராளி வேலியைப் பிடுங்கினாலும் ஈ.பி. போடலாம். உரிமை விளம்புகை, அதாவது உரிமை இன்னாருக்கு என்ற அறிவிப்பு, மட்டும் உள்ள டிக்ரியில் நிறைவேற்ற எதுவும் கிடையாது, அதற்கு ஈ.பி.யே வேண்டாம்.

ஏமாறும் இடம், ஒன்றைச் செய்யச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளை. "ஆக்கிரமித்துக் கட்டிய சுவரை இடித்து அகற்று" என்கிற வகை டிக்ரிக்கு 135-வது உறுப்பின்படி மூன்றே ஆண்டு. டிக்ரி தேதியிலிருந்து எண்ண வேண்டும். இடிக்க நாள் குறித்திருந்தால் அந்த நாளிலிருந்து. ஒரே டிக்ரியில் உரிமை விளம்புகை, நிரந்தரத் தடை, சுவரை அகற்றும் கட்டளை மூன்றும் சேர்ந்தே வருவது சகஜம். தடைக்குக் கெடு இல்லை என்று கேள்விப்பட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு, சுவர் பற்றிய பகுதி மூன்றாம் ஆண்டிலேயே செத்துப்போனது பிறகுதான் தெரியவரும். டிக்ரியின் ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியாகப் படித்து, ஒவ்வொன்றின் எதிரிலும் கடைசித் தேதியைப் பென்சிலால் எழுதிவையுங்கள்.

ஜீவனாம்சத்தில் இன்னொரு பொறி. குடும்ப நீதிமன்றமோ உரிமையியல் நீதிமன்றமோ மாதாமாதம் தரச் சொல்லி டிக்ரி கொடுத்திருந்தால், ஒவ்வொரு மாதத் தவறுதலுக்கும் தனித்தனியாக 12 ஆண்டு ஓடும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவில், இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவில், பெற்ற உத்தரவு என்றால் பாக்கி ஏற்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் வாரண்டு கேட்டு மனுப் போட வேண்டும்.

எந்த நாளிலிருந்து எண்ணுவது

டிக்ரி செயல்படத் தக்கதான நாளிலிருந்து. பெரும்பாலும் அது தீர்ப்புச் சொன்ன நாளே. டிக்ரி பிறகுதான் எழுதப்பட்டது, நகல் ஆறு மாதம் கழித்துத்தான் கிடைத்தது என்பதெல்லாம் உதவாது. மேல்முறையீட்டுக்கு நகல் பெற ஆன நாட்களைக் கழிப்பதுபோல் ஈ.பி.க்குக் கழிக்க முடியாது. பாகப்பிரிவினையில், சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் இறுதித் தீர்ப்பாணையை முத்திரைத்தாளில் எழுதிய பிறகே காலம் ஓடும் என்ற நம்பிக்கையையும் உச்ச நீதிமன்றம் 2005-ல் நிராகரித்துவிட்டது. இறுதித் தீர்ப்பாணை தேதிதான் கணக்கு. முத்திரைத்தாள் வாங்கிக் கொடுக்காமல் பங்காளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தே 12 ஆண்டு கழிந்துவிடுவது இதனால்தான். யாருக்கு எவ்வளவு பங்கு என்று மட்டும் சொல்லும் முதனிலைத் தீர்ப்பாணையோடு நிற்கும் பாகப்பிரிவினைக்கு இந்தக் கவலை இல்லை. வழக்கே இன்னும் முடியவில்லை என்பதால், இறுதித் தீர்ப்பாணை கேட்கும் மனுவுக்குக் கெடு கிடையாது.

தவணையில் செலுத்தச் சொன்ன டிக்ரியில் ஒவ்வொரு தவணையும் தவறிய நாளிலிருந்து அந்தத் தவணைக்குக் காலம் ஓடும். "இரண்டு மாதத்தில் காலி செய்" என்றிருந்தால் அந்த இரண்டு மாதம் முடிந்த நாள் தொடக்கம். ஆனாலும் கடைசித் தேதியை டிக்ரி நாளிலிருந்தே எண்ணிவைத்துக்கொள்வது நல்லது. இரண்டு மாத லாபத்துக்காக வாதாடும் நிலைமை வரவே கூடாது.

மேல்முறையீடு விசாரித்து முடிக்கப்பட்டால் கீழ்க்கோர்ட் டிக்ரி மேல்கோர்ட் டிக்ரியில் கலந்துவிடுகிறது. மேல்முறையீடு தோற்றாலும் புதிய 12 ஆண்டு மேல்கோர்ட் டிக்ரி தேதியிலிருந்து தொடங்கும். அதற்காக அதுவரை சும்மா இருக்கக் கூடாது. மேல்முறையீடு தாக்கலானதால் மட்டும் டிக்ரி நிற்காது. தடையுத்தரவு இருந்தால்தான் நிற்கும். எக்ஸ்பார்ட்டி டிக்ரியை (எதிராளி ஆஜராகாததால் ஒருதலையாக வந்ததை) ரத்து செய்யக் கோரும் மனு நிலுவையில் இருப்பதும் அப்படித்தான்.

நாட்கணக்கில் ஓர் உதாரணம். டிக்ரி தேதி 14.3.2014. முதல் நாளை விட்டு எண்ணினால் கடைசி நாள் 14.3.2026. அது இரண்டாவது சனிக்கிழமை. கோர்ட் விடுமுறை என்றால் காலவரம்புச் சட்டத்தின் 4-வது பிரிவின்படி கோர்ட் திறக்கும் நாளில், அதாவது 16-ம் தேதி திங்கட்கிழமை போடலாம். இதே டிக்ரிக்குக் கொரோனாக் காலக் கழிவும் உண்டு. 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான நாட்களைக் காலவரம்புக் கணக்கிலிருந்து நீக்கி உச்ச நீதிமன்றம் 10.1.2022 அன்று உத்தரவிட்டது. ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாகக் கிடைக்கிறது. கெடு தாண்டி வந்துவிட்டவர்கள் முதலில் பார்க்க வேண்டிய கதவு இது; கெடுவுக்குள் இருப்பவர்கள் இதை நம்பித் தூங்கக் கூடாது.

எது கெடுவை நீட்டும், எது நீட்டாது

கடன் பத்திரத்தில் பழகிய கை இங்கேதான் சறுக்கும். புரோநோட்டில் கடன்காரர் கொஞ்சம் பணம் கட்டிக் கையெழுத்துப் போட்டால் மூன்றாண்டு புதிதாகத் தொடங்கும். டிக்ரிக்கு அப்படி இல்லை. காலவரம்புச் சட்டத்தின் 18-வது பிரிவின் விளக்கம் நிறைவேற்று மனுவை வெளிப்படையாக விலக்குகிறது; 19-வது பிரிவின் விளக்கம், கடன் என்ற சொல்லில் டிக்ரிப் பணம் சேராது என்கிறது. 11-வது ஆண்டில் எதிராளி பத்தாயிரம் கட்டி, "மீதியை அடுத்த வருஷம் தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்தாலும் ஒரு நாள்கூட நீளாது. பேச்சுவார்த்தை நடக்கட்டும், முதலில் ஈ.பி.யைத் தாக்கல் செய்து, அதற்குள் தவணை உறுதிமொழியைக் குறிப்பாணையாகப் பதிவு செய்துகொண்டு, கடைசித் தவணை வரும்வரை மனுவை முடிக்காமல் வைத்திருங்கள்.

தாமத மன்னிப்பும் கிடையாது. அதே சட்டத்தின் 5-வது பிரிவு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் நிறைவேற்றத்துக்கான கட்டளை 21-ன் கீழ் வரும் மனுக்களுக்குப் பொருந்தாது என்று தன் வாசகத்திலேயே சொல்லிவிடுகிறது. நோய், வெளியூர், வக்கீல் மறைவு எதுவும் காரணமாகாது.

கழிக்க முடிந்தவை சில. தடையுத்தரவு அமலில் இருந்த காலத்தை 15-வது பிரிவில் கழிக்கலாம். தடை பிறந்த உத்தரவு, விலகிய உத்தரவு இரண்டின் சான்றிட்ட நகல்களும் வேண்டும். தேதியை வாய்மொழியாகச் சொன்னால் எடுபடாது. அதிகாரம் இல்லாத நீதிமன்றத்தில் நல்லெண்ணத்தோடும் கவனத்தோடும் நடத்திய மனுவின் காலத்தை 14-வது பிரிவில் கழிக்கலாம். டிக்ரி நாளில் டிக்ரிதாரர் மைனராகவோ மனநலம் குன்றியவராகவோ இருந்தால் 6-வது பிரிவு உதவும். 8-வது பிரிவோ அந்தச் சலுகையை நிலைமை நீங்கியபின் மூன்றாண்டோடு நிறுத்துகிறது. எதிராளி மோசடியாலோ பலாத்காரத்தாலோ நிறைவேற்றத்தைத் தடுத்திருந்தால், மோசடி தெரிந்த அல்லது பலாத்காரம் நின்ற நாளிலிருந்து ஓராண்டுக்குள் 17(2)-ல் நீட்டிப்புக் கேட்கலாம். முகவரி மாறிப் போனது, சொத்தை மனைவி பெயரில் வாங்கியது என்ற அளவில் சொன்னால் போதாது. நிறைவேற்றத்தை எப்படித் தடுத்தார் என்று நாள், விவரத்தோடு சொல்ல வேண்டும்.

யாராவது இறந்துபோனால் காலம் நிற்காது. டிக்ரிதாரரின் வாரிசுகள் மீதிக் காலத்துக்குள் ஈ.பி. போட வேண்டும். தீர்ப்புக் கடனாளி, அதாவது தோற்ற எதிராளி, இறந்தால் வாரிசுகள் மீது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50-வது பிரிவில் போகலாம். அவர்கள் கைக்கு வந்த அவருடைய சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. ஆறுதலான செய்தி ஒன்று: வழக்கில் வாரிசைச் சேர்க்கத் தவறினால் வழக்கு அற்றுப்போகும். ஈ.பி.க்கு அந்த விதிகளைக் கட்டளை 22, விதி 12 பொருத்துவதில்லை.

ஈ.பி.யில் என்னென்ன இருக்க வேண்டும்

கட்டளை 21, விதி 11 (இனி வரும் விதிகள் இதே கட்டளையிலும், பிரிவுகள் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலும் உள்ளவை) கேட்கும் விவரங்களை ஒரே பக்கப் படிவத்தில் நிரப்பிவிடலாம் போலத் தோன்றும். குறை சொல்லி மனு ரிட்டர்ன் ஆவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, இதற்கு முன் போட்ட ஈ.பி.க்களின் எண், தேதி, முடிவு. மறந்துபோன பழைய மனுவைப் பற்றி எழுதாமல் விட்டால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுத்துப் போடும். ஈ-கோர்ட்ஸ் தளத்தில் தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். இரண்டு, வர வேண்டிய தொகை. டிக்ரிக்குப் பிந்தைய வட்டியை 34-வது பிரிவு பொதுவாக ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை; வணிகப் பரிவர்த்தனைக்கு மட்டும் கூடலாம். வந்த பணம் டிக்ரி வேறுவிதமாகச் சொல்லாத பட்சத்தில் முதலில் வட்டிக்கும் செலவுக்கும், பிறகே அசலுக்கும் போகும். அசல் 5,00,000, வட்டி 6 சதவீதம் என்றால் நான்கு ஆண்டில் வட்டி 1,20,000. அப்போது எதிராளி 1,00,000 கட்டினால், செலவுத்தொகையை விட்டுப் பார்த்தாலும், அசல் அப்படியே 5,00,000. வட்டி பாக்கி 20,000. நேரே அசலில் கழித்து எழுதினால் உங்கள் தொகை உங்கள் கையாலேயே குறைகிறது.

கோர்ட்டுக்கு வெளியே பணம் வாங்கியிருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள். கட்டிய கடனாளிக்கும் ஒரு சொல்: விதி 2-ன் கீழ் அதைப் பதிவு செய்ய உங்களுக்கு 30 நாள்தான். பதிவாகாத பணத்தை நிறைவேற்றும் கோர்ட் கண்டுகொள்ளாது.

டிக்ரி தேதியிலிருந்து இரண்டு ஆண்டு தாண்டிவிட்டால், அல்லது வாரிசு மீது போனால், விதி 22 நோட்டீஸ் அவசியம். இதை விட்டுவிட்டு நடந்த ஏலம் பிறகு கவிழும். சம்பளத்தைப் பிடிக்கும் மனுவில் 60-வது பிரிவுக் கணக்கு: முதல் 1,000 ரூபாய்க்கும், மீதியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் பாதுகாப்பு. விலக்களிக்கப்பட்ட படிகள் போகச் சம்பளம் 31,000 என்றால் மாதம் 10,000 பிடிக்கலாம். ஒரே டிக்ரிக்கு மொத்தம் 24 மாதம்தான். அதற்குப் பிறகு அந்த டிக்ரிக்காக அந்தச் சம்பளத்தைத் தொட முடியாது. ஓய்வூதியத்தையும் வருங்கால வைப்பு நிதியையும் பற்ற முடியாது.

கைது கேட்பதில் பலருக்கு அவசரம். பெண்களைப் பண டிக்ரிக்காகக் கைது செய்ய முடியாது. மற்றவர்களிலும் வசதி இருந்தும் கட்டாதவர் என்று காட்டினால்தான் சிவில் சிறை. 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்ரிக்கு அதிகபட்சம் மூன்று மாதம், படிச்செலவு டிக்ரிதாரருடையது. சிறையிலிருந்து வந்தபின் கடன் தீராது, ஆனால் அதே டிக்ரிக்கு மறுபடி கைதும் கிடையாது. ஒரே தோட்டா, முதலிலேயே சுட்டுவிடாதீர்கள். அதைவிட விதி 41-ல் சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் கேட்பது நல்ல ஆரம்பம். தாக்கல் செய்ய மறுத்தால் அதற்கே மூன்று மாதம்வரை சிறை உண்டு.

அசையாச் சொத்தைப் பற்ற, அதாவது கோர்ட் மூலம் முடக்க, சர்வே எண், நான்கெல்லை, பரப்பு மூன்றும் பிழையில்லாமல் வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்து, பட்டாவோடு ஒப்பிட்டு எழுதுங்கள். பற்றுகைக்குப் பின் எதிராளி எழுதிக் கொடுக்கும் கிரயம் உங்கள் டிக்ரிக்கு எதிராகச் செல்லாது. பற்றுகைக்கு முன் எழுதியதை உடைப்பது தனிப் போராட்டம். அதனால்தான் 11-வது ஆண்டுவரை காத்திருப்பது சட்டப்படி சரியானாலும் நடைமுறையில் நஷ்டம்.

எதிராளியின் சொத்து வேறு நீதிமன்ற எல்லையில் இருந்தால் 39-வது பிரிவில் டிக்ரியை அந்தக் கோர்ட்டுக்கு மாற்ற வேண்டும். மாற்றல் மனு போட்டதையே ஈ.பி. போட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். மாற்றிய பின் அங்கே ஈ.பி. தாக்கலாவதும் 12 ஆண்டுக்குள் நடக்க வேண்டும். கடைசி வருடத்தில் இதைத் தொடங்குவது பேருந்து கிளம்பிய பிறகு டிக்கெட் எடுப்பது போல.

தாக்கலான மனு சாகாமல்

12 ஆண்டுக்குள் தாக்கலான ஈ.பி. நிலுவையில் இருக்கும்வரை, 15-வது ஆண்டானாலும் 20-வது ஆண்டானாலும் டிக்ரி உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் 12 ஆண்டு தாண்டிய பின் அந்த மனு தள்ளுபடியானால் அடுத்த மனுவுக்கு வழி இல்லை. எனவே 13-வது ஆண்டு ஈ.பி.யின் ஒவ்வொரு வாய்தாவும் முதல் வாய்தாவைவிட ஆபத்தானது. தள்ளுபடிக்கு வழக்கமான காரணங்கள் மூன்று: பேட்டா (நோட்டீஸ், வாரண்டு அனுப்பும் கட்டணம்) கட்டவில்லை, ஆஜராகவில்லை, ரிட்டர்ன் ஆன மனுவைத் திருத்தித் திரும்பத் தாக்கல் செய்யவில்லை. குறித்த கெடுவுக்குள் திருத்திக் கொடுத்தால் விதி 17-ன்படி முதலில் தாக்கல் செய்த தேதியே மனுத் தேதியாக நிற்கும். ஆஜராகாமல் தள்ளுபடியானால் விதி 106-ல் 30 நாளுக்குள் மீட்பு மனுப் போடுங்கள். 31-ம் நாள் போய்த் தாமத மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைக்காதீர்கள்.

ஈ.பி. தள்ளுபடியாகும்போது பற்றுகை தொடருமா என்று விதி 57-ன்படி நீதிமன்றம் சொல்ல வேண்டும். ஒன்றும் சொல்லாமல் விட்டால் பற்றுகை நீங்கியதாகிவிடும். எதிராளி மறுநாளே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுவார். "கணக்குக்காக முடித்துவைக்கப்பட்டது" என்ற உத்தரவு வேறு ரகம். அதில் மனு தகுதி அடிப்படையில் முடியாததால், உயிர்ப்பித்து மேலே நடத்தக் கேட்கலாம். உத்தரவின் வாசகம் எந்த ரகம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நகலை அன்றைக்கே விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று: மனுவில் கேட்காத சொத்தை 12 ஆண்டுக்குப் பிறகு திருத்த மனு மூலம் சேர்த்தால் அது புது ஈ.பி.யாகக் கருதப்பட்டுக் கெடுவில் விழும் அபாயம் உண்டு. கெடுவுக்குள் போடும் கடைசி மனுவில் தெரிந்த எல்லாச் சொத்தையும், எல்லா எதிரிகளையும் சேர்த்துவிடுங்கள்.

ஈ.பி.யை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-லும், தமிழ்நாட்டிலிருந்து போன பெரியம்மாள் வழக்கில் 2025 மார்ச்சிலும் சொல்லியிருக்கிறது. மனு நகராமல் கிடந்தால் அதைக் காட்டி விரைவு விசாரணை கேட்கலாம்.

ஏலம் வரை போய்விட்டவர்களுக்குச் சிறிய கெடுக்கள் வேறு காத்திருக்கின்றன. ஏலம் எடுத்தவர் 25 சதவீதத்தை உடனேயும் மீதியை 15 நாளுக்குள்ளும் கட்ட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் மறு ஏலம். ஏலம் உறுதியான பின் சுவாதீனம் கேட்க 134-வது உறுப்பில் ஓராண்டு மட்டுமே. டிக்ரிக்கு 12 ஆண்டு உண்டே என்று ஏலம் எடுத்த டிக்ரிதாரர்கள் இதில் அடிபடுவதைப் பார்க்கலாம். சுவாதீனம் எடுக்கக் கோர்ட் ஊழியரான அமீனா போனபோது யாராவது வாசலை மறித்தால், தடையை அகற்றக் கேட்டு விதி 97-ல் 30 நாளுக்குள் மனு வர வேண்டும்.

சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து, 2020 ஜனவரி முதல் ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளின் அறிவிக்கப்பட்ட நீதிமன்றங்கள் தந்த பண டிக்ரியை 44ஏ பிரிவில் இங்கே நேரடியாக மாவட்ட நீதிமன்றத்தில் நிறைவேற்றலாம். அவற்றுக்கு நம் 12 ஆண்டு பொருந்தாது. டிக்ரி பிறந்த நாட்டின் காலவரம்பே பொருந்தும் என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. அங்கே கெடு தாண்டிய டிக்ரியை இங்கே கொண்டுவந்து பயனில்லை. மனுவோடு டிக்ரியின் சான்றிட்ட நகலும், அங்கே எவ்வளவு வசூலானது என்று அந்த நீதிமன்றம் தரும் சான்றிதழும் இருக்க வேண்டும். இரண்டாவது தாள் இல்லாமல் ஊருக்கு வந்துவிட்டு, அதற்காக மறுபடி விமானம் ஏற வேண்டாம்.